மாதம் ஒரு கோயில்

ஜூலை 13, ஞாயிறு

சங்கரன்கோவில் போய்வந்தோம். சாமி கும்பிட்டீர்களா என்று யாராவது கேட்டால், கும்பிட்டோம். கோமதி அம்மன் சந்நிதியில் நின்றோம், திருநீறை வாங்கிக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டோம், வெளியே வந்துவிட்டோம். பிறகு தெருமுனையில் இருக்கும் குமரவிலாஸில் உட்கார்ந்தோம். அங்கிருந்து எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை.

வீட்டில் சொல்வது கோயில், போவது ஓட்டல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நான் ஓய்வு பெற்ற மறுமாதம் தொடங்கிய ஏற்பாடு இது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு ஊர், ஒரு கோயில், ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை. நானும் என் மதினி ஆவுடையம்மாளும் மட்டும். ஊர் மாறிக்கொண்டே இருந்தாலும் சங்கரன்கோவிலுக்கு மட்டும் அடிக்கடி போக வேண்டும் அவளுக்கு. ஒரே வீட்டில் இருந்தும், அவள் வீட்டுக்காரரான என் அண்ணாச்சிக்கு இது தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். வெளிச்சாப்பாடு என்றாலே அவருக்கு முகம் சுருங்கும். "எவன் கையோ, எந்த எண்ணெயோ" என்பார். சொந்தக்காரர் கல்யாணத்தில்கூடப் பாயசத்தை மட்டும் தொட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மோர்சாதம் கேட்கிற ஆள்.

குமரவிலாஸில் இட்லி நல்ல இட்லி, வடை நல்ல வடை. ஆனால் அங்கே பொடிதான் ராஜா. கொரகொரவென்று, எள் மணத்தோடு, நல்லெண்ணெயைக் குழியில் விட்டதும் குடித்துக்கொண்டு நிற்கும். என் நாக்கு பொய் சொல்லாது. சாம்பாரில் போட்டது கட்டிப் பெருங்காயமா தூள் பெருங்காயமா என்று ஒரு வாயில் சொல்லிவிடுவேன். அந்த நாக்கை வைத்துத்தான் மதினியிடம் தீர்ப்புச் சொன்னேன்.

"பொடி நல்லாத்தான் இருக்கு மதினி. ஆனா நீங்க இடிக்கிற பொடிக்கு ஒரு மாத்து கம்மிதான்."

"அப்படியா சொல்லுத?" என்று கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புகழ்ந்தால் அவளுக்கு எப்போதும் வெட்கம்.

கை கழுவப் போனவள் வழக்கம்போலத் திரும்பிவர நேரமாக்கினாள். கை கழுவும் இடம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்லாக்காரரிடம் நின்று ஊர்க்கதை பேசியிருப்பாள். பஸ் போய்விடுமே என்று நான்தான் வாசலில் தவித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 14, திங்கள்

காலையில் இட்லி, பொடி. நேற்றையதையும் இன்றையதையும் நாக்கில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, மதினி கைதான் மேல். "இடிச்ச பொடின்னா இதுதாம்ட்டி. மிக்ஸியில போட்டா சூடேறி மணம் போயிரும்" என்று அண்ணாச்சி ஒவ்வொரு விள்ளலுக்கும் சொன்னார். அந்தப் பெரிய இரும்பு உரலை எப்போது எடுக்கிறாள், எப்போது இடிக்கிறாள் என்றே தெரியாது. சத்தம்கூட வராது. அதற்கெல்லாம் ஒரு கைப்பக்குவம் வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

பெங்களூரிலிருந்து சண்முகம் பேசினான். அண்ணாச்சியின் ஒரே மகன். மருமகள் அகிலாவுக்கு இரண்டாவது பிள்ளை, அக்டோபரில். அந்தப் பெண்ணுக்குத் தாயார் இல்லை. அதனால் அம்மாவும் அப்பாவும் செப்டம்பரிலேயே வந்துவிட வேண்டுமாம். வந்தால் அப்படியே அங்கேயே இருந்துவிடலாமே, பாளையங்கோட்டை வீட்டை எதற்கு வைத்துக் கட்டிக் காக்க வேண்டும் என்றும் கேட்டான். போனை வைக்கும்போது, "அத்தையும் வந்தா வரட்டும்" என்றான். வந்தால் வரட்டுமாம்.

பெங்களூரில் சாம்பாரில் வெல்லம் போடுவார்கள். சட்னியிலும் போடுவார்கள். கொஞ்சம் அசந்தால் காபிப் பொடியிலும் போட்டுவிடுவார்கள். மதினி அங்கே ஒரு வாரம் தாங்க மாட்டாள். அவளை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

ஜூலை 22, செவ்வாய்

பெங்களூரில் தண்ணீரும் சரியில்லையாம். மதினி காதில் போட்டுவைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாகர்கோவில். வீட்டுக்குச் சொன்ன காரணம் சுசீந்திரம் தாணுமாலயன். ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

நாஞ்சில்நாட்டு இலைச் சாப்பாட்டை எழுதாவிட்டால் இந்த நாட்குறிப்பு எதற்கு? மட்டரிசிச் சோறு, பருப்பும் நெய்யும், அவியல், எரிசேரி, இஞ்சிப் பச்சடி, அப்புறம் புளிசேரி. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது இலையில் ஒரு போளியை வைத்து, அதன் தலையில் பால்பாயசத்தை ஊற்றினார் பரிமாறுகிறவர். அதைப் பிசைந்து சாப்பிட வேண்டும். முதலில் தயங்கிய மதினி அப்புறம் தலையே நிமிரவில்லை.

இரண்டாம் தடவை பாயசம் விட்டுப் போனதும் என்னைப் பார்த்தாள். "பாத்தியா உலகு, நான் உக்காந்திருக்கேன். அதுபாட்டுக்குச் சூடா வருது. இன்னும் என்ன வேணும்னு கேக்காவ."

"ஓட்டல்னா கேக்கத்தானே செய்வாவ?"

"இல்லட்டி. யாரோ நம்மளக் கேக்காவளேன்னு சொல்லுதேன்."

வீட்டில் முதல் பந்தி நானும் அண்ணாச்சியும். அவள் பரிமாறுவாள். எல்லாம் ஆறிய பிறகு அடுப்படியில் நின்றபடியே ஏதோ சாப்பிடுவாள். உட்காரச் சொன்னால், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்பாள். நாங்களும் விட்டுவிடுவோம். காலங்காலமாக அப்படியே போய்விட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தோம். இடது கையில் பையை இடுக்கிக்கொண்டு, மேலே கம்பியைப் பிடிக்காமல், வலது கையால் சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். கம்பியைப் பிடியுங்கள் என்று அதட்டினேன். எட்டவில்லை என்றாள். என்னைவிட உயரமானவள். போளி மயக்கம்.

ஆகஸ்ட் 13, புதன்

மதினிக்குத் தலை பின்னிவிட்டேன். இப்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறாள். என் பின்னல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சண்முகம் மறுபடியும் பேசினான். இந்த முறை தேதியோடு. அண்ணாச்சிக்குப் போக இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரிகிறது. அங்கே நினைத்தால் கோயிலுக்கு நடக்க முடியாது, பேச ஆள் கிடையாது. ஆனால் மகன் கூப்பிடும்போது வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அவ போனா நானும் போய்த்தான ஆவணும்? எனக்கு யாரு பொங்கிப்போடுவா?" என்று என்னிடம் கேட்டார். அப்படியானால் எனக்கு யார் பொங்கிப்போடுவார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சமையல் என் துறை இல்லை, சாப்பாடுதான் என் துறை.

மதினி துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் பயப்படுகிற ஆள் இல்லை. எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரிகளையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள். வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியும். ஆனால் இருக்கிற ஞாயிறுகளை வீணாக்கக் கூடாது என்று முடிவுசெய்துவிட்டேன். அடுத்து தென்காசி. அதற்கடுத்து தூத்துக்குடி. பெங்களூர் மறந்துபோகும் அளவுக்கு அவளுக்குச் சாப்பாடு வாங்கித் தரப்போகிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

என்ன நடந்ததோ அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அண்ணாச்சி நேற்றே தூத்துக்குடிக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டார். இன்று மத்தியானம்தான் திரும்புவதாக இருந்தது. அதனால் நாங்கள் காலையில் அவசரமில்லாமல் கிளம்பினோம். தென்காசியில் இறங்கியதும் நேராக ஓட்டல். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இடம் கிடைக்க நேரமாயிற்று. காத்திருந்து சாப்பிட்ட சாப்பாட்டுக்கு ருசி கூடத்தான் செய்யும். கத்தரிக்காய்க் கொத்சு, உருளைக்கிழங்கு வறுவல், இலை நிறைய அப்பளம். சாயங்காலம்வரை கடைத்தெருவில் சுற்றிவிட்டு மறுபடியும் அதே ஓட்டலில் அடையும் அவியலும். அடை ஓரத்தில் முறுகி, நடுவில் மெத்தென்று இருந்தது.

"கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வந்திருவோம் மதினி. திருநீறு வேணும்லா" என்றேன்.

"கோயிலு இருக்கட்டும் உலகு. இன்னொரு அடை சொல்லு."

மதினி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். என் பர்ஸில் சங்கரன்கோவில் திருநீறு மிச்சம் இருந்தது. திருநீற்றில் ஊர் பேரா எழுதியிருக்கிறது? முதல் தடவையாகக் கோயில் பக்கமே போகாமல் பஸ் ஏறினோம்.

வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அண்ணாச்சி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குடத்தின் மேல் தர்ப்பைப் புல் கிடந்தது. அதைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"எங்க போயிருந்திய?"

"தென்காசி, அண்ணாச்சி. விசுவநாதர் கோயிலு" என்று திருநீற்றை நீட்டினேன்.

"நல்ல தரிசனமா?"

"கண்குளிர. சாயரட்சை பூசை பாத்துட்டுத்தான் வாரோம்." அவர் அமைதியாகக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அம்மனுக்கு மாம்பழக் கலர் பட்டு என்றேன். நாதசுரம் நன்றாக இருந்தது என்றேன். நெரிசலில் மதினி கால் மிதிபட்டது என்றும் சொன்னேன்.

"சரி" என்றார். "இன்னைக்குக் கிரகணம்லா? மத்தியானத்தோட ஊர்ப்பட்ட கோயில்ல நடை சாத்தியாச்சு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் யாரு திறந்துவிட்டா?"

மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். நாங்கள் அடையும் அவியலும் மணக்க நிற்கிறோம். கிரகண நாளில் சாயரட்சை பார்த்துவந்த ஒரே குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

என் மூளை வேகமாக வேலைசெய்தது. மத்தியான பூசையைத்தான் வாய்தவறிச் சாயரட்சை என்றுவிட்டேன் என்று ஆரம்பித்தேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாங்க கோயிலுக்குப் போகலங்க. சாப்பிடப் போனோம்."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டுமில்ல. மாசாமாசம் சாப்பிடத்தான் போறோம்."

"ஏன், வீட்டுல சாப்பாடு இல்லயா?"

"இருக்கு. நான் பொங்குனது இருக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் ஒருத்தர் பொங்கி, சூடா கொண்டாந்து வைக்கணும்னு ஆசையா இருந்துச்சு. மாசத்துல ஒருநா. அதுக்குத்தான் போனேன்."

சேலை மாற்ற உள்ளே போய்விட்டாள். நானும் அண்ணாச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். இந்த வீட்டில் தைரியசாலி நான்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

அண்ணாச்சி பேசவில்லை. ஆனால் சாப்பிட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் பேச்சில்லை. இன்றும் சாப்பிட்டார். பெங்களூர்க் கவலையில் மதினி கிரகணத்தை மறந்துவிட்டாள் பாவம். இல்லையென்றால் மாட்டியிருக்கவே மாட்டோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

மதினி சண்முகத்துக்குத் தானாகவே போன் செய்தாள். "ஒரு டிக்கெட் மட்டும் எடு" என்று சொல்வது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. அண்ணாச்சிக்கும் கேட்டது.

"அப்ப நானு?" கிரகணத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க இங்க இருங்க. உலகு தனியா இருக்க மாட்டா."

"யாரு, நானா?" என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். யாரும் என்னைச் சட்டைசெய்யவில்லை.

"சாப்பாட்டுக்கு என்னளா செய்ய?" என்றார் அண்ணாச்சி.

"உலகுக்கு வெளியில சாப்பிடத் தெரியும். உங்களுக்கும் சொல்லித்தருவா. எனக்குச் சொல்லித்தந்தவ அவதான்."

சொல்லிவிட்டு, சேலைகளை மடித்து வைக்கப் போனாள். தை பிறந்ததும் வந்துவிடுவாளாம். வருகிறேன் என்று போய், பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்து அங்கேயே இருந்துவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ரயிலேற்றிவிட்டு வந்தோம். பெட்டியை மேலே வைக்க வலது கை தூக்கவில்லை அவளுக்கு. எதிர்சீட்டுக்காரர் தூக்கி வைத்தார். வண்டி நகரும்போது, "நேரத்துக்குச் சாப்பிடு" என்று என்னிடம் சொன்னாள். ஓட்டல் ஓட்டலாகக் கூட்டிக்கொண்டு போனவளிடம் சொல்கிற வார்த்தையா இது?

செப்டம்பர் 17, புதன்

ரசம் வைத்தேன். எழுதும்படி ஒன்றுமில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

இட்லி மாவை வெளியில் வாங்கினேன். அண்ணாச்சி முறைத்துவிட்டுச் சாப்பிட்டார். பொடி டப்பாவில் இருந்ததை வழித்துத் தீர்த்தோம்.

"இடிச்சு வைட்டி" என்றார். அவரே மாடிப்படிக்குக் கீழே குனிந்து இரும்பு உரலை இழுத்தார். உள்ளே ஒரு மடக்குக் குடை, பழைய செருப்பு ஒரு ஜோடி, தேங்காய் நார். அடியில் துரு செதில் செதிலாக இருந்தது.

"ரெண்டு மாசம் முன்னகூட இடிச்சாளே. அதுக்குள்ள இம்புட்டுத் துருவா?"

"காத்துல ஈரம் இருக்கும் அண்ணாச்சி" என்றேன். செப்டம்பர் வெயிலில் பாளையங்கோட்டையில் எங்கே இருக்கிறது ஈரம்?

செப்டம்பர் 25, வியாழன்

என் சமையலில் அண்ணாச்சி இளைத்துவிட்டார். நானும்தான். மதினி போன் செய்யும்போதெல்லாம் பிரமாதமாகச் சாப்பிடுகிறோம் என்று சொல்லிவருகிறேன். இதுவும் சாயரட்சைக் கணக்குத்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் அண்ணாச்சியிடம் நேரடியாகச் சொல்லிவிட்டேன். "நான் சங்கரன்கோவிலுக்குச் சாப்பிடப் போறேன். வாரதுன்னா வாங்க. கோயிலுக்கும் போலாம், ஆனா முதல்ல சாப்பாடு."

அவர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

குமரவிலாஸில் அவருக்கு எப்படி உட்கார வேண்டும் என்றே தெரியவில்லை. நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் தண்ணீர் வைத்ததும் எழுந்து நின்று வாங்கினார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "என்ன செஞ்சிருக்கிய?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. மதினி முதல்முறை வந்தபோதும் இதையேதான் கேட்டாள்.

இட்லி வந்தது. பொடி வந்தது. எண்ணெயில் குழைத்து ஒரு விள்ளல் வாயில் வைத்தார். மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது ஆவுடை பொடில்லா?"

"கொஞ்சம் அந்தச் சாயல் இருக்கும் அண்ணாச்சி. ஆனா மதினி பொடி ஒரு மாத்துக் கூட..."

"சாயலும் இல்ல, கீயலும் இல்ல. அதேதாம்ட்டி இது."

நானும் ஒரு வாய் வைத்தேன். அப்போதும் என் நாக்கு இல்லை என்றுதான் சொன்னது. அதற்குள் கல்லாவிலிருந்து பெரியவர் எழுந்து வந்துவிட்டார்.

"வாங்கம்மா. அந்த அம்மா வரலியா? ரெண்டு மாசமாக் காணும். பொடி தீந்திருக்குமே, வழக்கம்போலக் கட்டிரட்டுமா?"

"எந்தப் பொடி?" என்றார் அண்ணாச்சி.

"இட்லிப் பொடிதான் அண்ணாச்சி. நாங்க தனியா விக்கிறதில்ல. தோளு வலியில கையத் தூக்க முடியல, இடிக்கவும் முடியல, வீட்டுல பொடி இல்லாம இட்லி இறங்காதுன்னு அந்த அம்மா வந்து நின்னாவ. மனசு கேக்கல. அதுலருந்து அவுக வரும்போதெல்லாம் கட்டிக் குடுத்திருதோம். ரெண்டு வருசம் இருக்கும்."

கை கழுவப் போய் நேரமாக்கியது இதற்குத்தான். பஸ் கம்பி எட்டாமல் போனது அந்தத் தோளால்தான். தலை பின்னிவிடச் சொன்னதும் அதனால்தான். கட்டிப் பெருங்காயத்தையும் தூள் பெருங்காயத்தையும் பிரித்துச் சொல்கிற என் நாக்கு, ஒரே பொடியை ஞாயிறு ஒரு மாத்துக் குறைச்சல் என்றும் திங்கள் ஒரு மாத்துக் கூடுதல் என்றும் இரண்டு வருஷம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு மதினி வெட்கத்தால் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி கோபப்படுவார் என்று காத்திருந்தேன். எவன் கையோ, எந்த எண்ணெயோ என்று அவர் சொன்ன அத்தனையும் அவர் வயிற்றிலேயே இருக்கிறது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுங்க" என்றார் பெரியவரிடம். "கொஞ்சம் கூடவே கட்டுங்க."

பிறகு இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவர், தேவர்குளம் தாண்டியதும் பேசினார்.

"இடிக்கச் சொன்னது நான்தான். சரி. நீயும்தான என்கூட மொதப் பந்தியில உக்காந்த? கையி வலிக்கான்னு நீயாவது கேட்டியா?"



செப்டம்பர் 29, திங்கள்

மதினிக்குப் போன் செய்தேன். நேற்று நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு இட்லி கூடக் கேட்டு வாங்கினாவளா?"

"கேட்டாவ. கிரகணத்தன்னிக்கு நாம மாட்டாம இருந்திருந்தா அவுக எங்க மதினி ஓட்டலுக்கு வந்திருக்கப் போறாவ? நீங்க கிரகணத்த மறந்ததும் நல்லதாப் போச்சு."

"இந்த வீட்டுல தினம் காலையில காலண்டர் தாளு கிழிக்கது யாருட்டி?"

மதினிதான். எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அது. முந்தின நாள் தாளைக் கிழித்து, கிரகணம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த தாளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் என்னோடு பஸ் ஏறியிருக்கிறாள். கோயில் இருக்கட்டும், இன்னொரு அடை சொல்லு என்றதும் அதனால்தான்.

"தெரிஞ்சேவா?"

"பொய் சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோச்சு உலகு. நல்லாச் சாப்பிட்டுட்டு வந்து, அத நல்லாச் சாப்பிட்டேன்னு சொல்ல முடியலன்னா என்ன சாப்பாடு அது?"

அதற்குப் பிறகு பெங்களூர்ச் சாம்பாரைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தேன். வெல்லம் போடுகிறார்களா என்று கேட்கத்தான் வந்தேன், கேட்கவில்லை.

"மதினி, நீங்க இல்லாம எனக்குச் சாப்பாடு இறங்கல. நீங்க அங்கேயே இருந்திருவியளோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டேன். எழுதியும்விட்டேன்.

"கிறுக்கி" என்றாள் மதினி. "அது தெரியாமலா உன் அண்ணாச்சிய உன்கிட்ட விட்டுட்டு வந்தேன்?"

அக்டோபர் 18, சனி

பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். பாட்டியின் தோளுக்கும் பெங்களூரில் வைத்தியம் நடக்கிறது. சண்முகம் அழைத்துப் போகிறான். அண்ணாச்சி தினமும் போன் செய்து, கை எவ்வளவு தூக்க முடிகிறது என்று கேட்கிறார்.

நவம்பர் 9, ஞாயிறு

தூத்துக்குடி. "இன்னைக்கு எந்தக் கோயிலுட்டி?" என்று அண்ணாச்சியே கேட்டார், சிரிக்காமல்.

ஜனவரி 18, ஞாயிறு

மதினி வந்து மூன்று நாளாகிறது. முகம் தெளிந்திருக்கிறது. வலது கையைத் தலைவரை தூக்கிக் காட்டினாள். அதற்கு மேல் இன்னும் போகவில்லை. இரும்பு உரலை அண்ணாச்சி பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும், "போட்டது போட்டியளே, உள்ள கிடந்த என் குடைய எடுத்து வச்சியளா?" என்றாள்.

இன்று மூன்று பேரும் சங்கரன்கோவில் போனோம். குமரவிலாஸில் கல்லாப் பெரியவர் எழுந்து நின்று மதினியை வரவேற்றார். அண்ணாச்சி இப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறார். நெய் ரோஸ்ட் என்றால் என்ன, சாதா என்றால் என்ன என்று மதினிக்கே விளக்கம் சொன்னார். அவளும் புதிதாகக் கேட்கிற மாதிரி தலையாட்டினாள்.

பரிமாறுகிறவர் முதல் தட்டைக் கொண்டுவந்து, ஆண்பிள்ளை என்று அண்ணாச்சி முன்னால் வைத்தார். ஆவி பறக்கிற இட்லி. மதினியின் கை பழக்கத்தில் பொடிக் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தியது. அண்ணாச்சி கிண்ணத்தை வாங்கவில்லை. தட்டைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார்.

"மொதல்ல அவளுக்கு வைங்க" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார்.

"எனக்கு வரும், நீங்க சாப்பிடுங்க" என்றாள் மதினி.

"சாப்பிடுளா. ஆறிரும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். பிறகு அவள் ஒரு விள்ளல் பிய்த்துப் பொடியில் தொட்டு வாயில் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் தட்டு வரும்வரை உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.